முதல் முறையைக் கைமாற்றிய மரநாய்

மாசி மாதம் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பொழுது ஏறியதும் பனி விலகி, காற்றே இல்லாத வெயில் காய்ந்தது. அன்று காட்டுக்குளத்தின் வடபாறையில் தெரிவு நாள்.

குளத்தைச் சுற்றி மூன்று அணிகள் வாழ்ந்தன. அவை மேலைக்கரை, கீழைக்கரை, தென்கரை என்பன. ஆண்டுதோறும் பங்குனியில் அவை கொடிகளால் முடைந்த பந்தை உதைத்து ஒன்றோடொன்று ஆடும். அதற்கு முந்தைய மாதம், பருவம் எய்திய இளம் விலங்குகள் வடபாறையின் அடியில் வந்து நிற்கும். அவற்றுள் ஒவ்வோர் அணியும் ஒருவரைத் தெரிவு செய்யும். சென்ற ஆண்டு கடைசியில் வந்த அணிக்கே முதல் முறை. வென்ற அணிக்கு மூன்றாம் முறை. நலிந்தவர் எழுந்து நிற்கட்டும் என்று முன்னோர் வகுத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெள்ளைக் கூழாங்கல் அடையாளம். விரும்பினால் அந்தக் கல்லை மற்றோர் அணிக்குக் கொடுத்து, அதன் வருங்கால முறைகளை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் இருந்தது. தொடர்ந்து மூன்றாண்டு கடைசியில் வரும் அணி கலைக்கப்படும். அதன் கரை, வென்ற அணிக்குச் சேரும்.

மேலைக்கரை ஏற்கெனவே இரண்டாண்டு கடைசியில் வந்திருந்தது.

அந்த அணியின் வாசல் காப்பவள் வேலாயி என்னும் முள்ளம்பன்றி. பந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதுகைத் திருப்பி முட்களில் குத்தி நிறுத்திவிடுவாள். அவளுடைய வளை மேலைக்கரையில், நீரிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. கோடையில் குளம் முழுவதும் வற்றினாலும், அந்தக் கரையின் ஆழத்தில் மட்டும் நீர் நிற்கும். வளைக்குள் அவளுக்கு இரண்டு குட்டிகள். முட்கள் இன்னும் இறுகாத குட்டிகள். அந்த நீரை விட்டால் அவை நடந்து போகக்கூடிய தொலைவில் வேறு நீர் இல்லை.

அவ்வாண்டு தெரிவுக்கு மூவரே வந்திருந்தனர். முதலாமவன் கவணன் என்னும் கடமான் காளை. அவன் விளையாட்டாக உதைத்த மரக்கட்டை ஒன்று குளத்தின் நடுவில் போய் விழுந்ததைக் காடே பார்த்திருந்தது. இரண்டாமவன் திரண்ட தோள்களை உடைய காட்டுப்பன்றி. மூன்றாமவன் ஒரு தேவாங்கு. அவன் நின்றபடியே உறங்கிக்கொண்டிருந்தான்.

“தலைவரே, கவணனைப் பாருங்கள். நம் கரையைப் பார்த்தே நிற்கிறான். பெயரைச் சொல்லி முடித்துவிடுங்கள்” என்றாள் வேலாயி.

மேலைக்கரையின் தலைவன் சித்திரன் என்னும் மரநாய். அவன் வாலை நீவிக்கொண்டே சிரித்தான்.

“நீ வாசலைப் பார்த்துக்கொள், வேலாயி. நான் வருங்காலத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.”

வருங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும் வேலாயியின் முட்கள் தாமாகவே விறைத்தன. இரண்டாண்டாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் சொல் அது. முதலாண்டு தன் முறையைத் தென்கரைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான கல்லை வாங்கினான். அடுத்த ஆண்டு வந்தது. கையிலிருந்த கற்களையெல்லாம் மறுபடியும் கொடுத்து, இன்னும் தொலைவான ஆண்டுகளுக்கான கற்களாக மாற்றிக்கொண்டான். அவன் குடியிருந்த புங்கமரப் பொந்தில் கற்கள் பெருகின. களத்தில் ஆள் பெருகவில்லை. ஒவ்வொரு மாலையும் அவற்றை எடுத்துத் துடைத்து, மறுபடியும் அடுக்கி வைப்பதே அவனுக்கு வேலையாயிற்று.

அப்போது கீழைக்கரையின் தலைவனான பொறையன் என்னும் உடும்பு மெல்ல ஊர்ந்து வந்தான்.

“சித்திரனாரே, வணக்கம். காட்டில் பலருக்குக் கண் இருக்கிறது; தொலைவில் உள்ளதைக் காணும் கண் தங்களுக்கு மட்டுந்தான் இருக்கிறது. அதனால்தான் தங்களிடம் வந்தேன்.”

“சொல்லும், பொறையரே.”

“இந்த ஆண்டின் முதல் முறையை எனக்குக் கொடுங்கள். என் மூன்றாம் முறையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், வருகின்ற மூன்றாண்டுகளுக்கும் எங்கள் முறை முழுவதும் தங்களுக்கே.”

சித்திரனின் மீசை துடித்தது. “மூன்றாண்டும் முழுவதுமா?”

“முழுவதும். நாங்கள் மூன்றாண்டு வெறுங்கையோடு நிற்கிறோம். எங்களுக்கு இழப்புத்தான், என்ன செய்வது!”

வேலாயி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“தலைவரே, ஒரு கேள்வி. மூன்றாம் முறை வரும்போது யார் மிஞ்சியிருப்பான்? முதலில் கீழைக்கரை கவணனை எடுக்கும். அடுத்துத் தென்கரை அந்தப் பன்றியை எடுக்கும். நமக்கு வருவது அதோ, உறங்குகிறானே, அவன்.”

“தேவாங்கு இரவில் மிகவும் கூர்மையானவன்” என்றான் சித்திரன்.

“ஆட்டம் பகலில் நடக்கிறது.”

பொறையன் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டான். “அம்மையார் வாசலில் நின்று நின்று பழகியவர். அவருக்குப் பந்து வரும் தொலைவுதான் தெரியும்.”

“உனக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும்” என்றாள் வேலாயி. “தலைவரே, இவன் எதைத் தருகிறான் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டையும், அதற்கடுத்த ஆண்டுகளையும் தருகிறான். இந்தப் பங்குனியில் நாம் கடைசியில் வந்தால் நமக்கு அடுத்த ஆண்டு உண்டா? அணியே இராது. இல்லாமற்போன அணிக்கு எந்த முறையை இவன் கொடுக்கப்போகிறான்? கொடுக்க வேண்டியதே வராது என்று தெரிந்துதான் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறான்.”

“நாம் கடைசியில் வரமாட்டோம்” என்றான் சித்திரன்.

“எதனால்?”

“இவ்வளவு கற்களை உடைய அணி எப்படிக் கடைசியில் வரும்?”

வேலாயி தன் அணியினரைத் திரும்பிப் பார்த்தாள். விறலன் என்னும் கீரி தரையைப் பார்த்தான். இரண்டு முயல்களும் காதுகளை மடக்கிக்கொண்டன.

“விறலா, நீயாவது சொல்.”

“தலைவருக்குத் தெரியாததா, அக்கா? மூன்றாண்டு முறைகள் என்றால் சிறிய செய்தியா? கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறதே.”

“நெஞ்சு நிறையட்டும். களத்தில் உன் பக்கத்தில் ஓடப்போகிறவன் யார்?”

விறலன் முயல்களின் பின்னால் நகர்ந்துகொண்டான்.

வேலாயி பாறைமேல் தாவி ஏறி, முட்கள் அனைத்தையும் விரித்துக்கொண்டு அதன் நடுவில் நின்றாள். கல் பாறையைத் தொட்டுவிட்டால் பேச்சை மாற்ற முடியாது என்பது வழக்கம். தொடவிடாமல் மறிப்பதே அவள் எண்ணம்.

நடுவராகிய செங்கால் நாரை ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தது. “வேலாயி, பாறையை விட்டு இறங்கு. கல்லை வைக்கும் உரிமை தலைவருக்கு உரியது; ஆட்டக்காரருக்கு அன்று.”

“தவறாக வைக்கும் உரிமையுமா?”

“ஆம். அந்த உரிமையும் அவருக்கு உரியதே.”

வழக்கத்தை மீறி அவள் ஒருநாளும் நடந்ததில்லை. இறங்கினாள். இறங்கிய அந்தக் கணத்துக்காகவே அவள் பின்னர் நெடுநாள் தன்மீது சினம் கொண்டாள்.

சித்திரன் முதல் முறைக்கல்லைப் பாறைமேல் வைத்தான். பொறையன் அதை எடுத்துக்கொண்டு, கவணனின் பெயரைச் சொன்னான். கவணன் ஒருமுறை மேலைக்கரையைப் பார்த்துவிட்டுக் கீழைக்கரைக்கு நடந்தான். தென்கரை பன்றியை அழைத்துக்கொண்டது. மேலைக்கரையின் முறை வந்தபோது, தேவாங்கை எழுப்பவே மூன்றுமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. பந்து தேவாங்கின் தலையில் பட்டுத் தெறித்தது. பட்டது கூடத் தெரியாமல் அவன் நின்றான். வேலாயி கொதித்துப் போனாள்.

“கண்ணைத் திற! கால் எதற்கு இருக்கிறது? கிளையைப் பற்றிக்கொண்டு தொங்குவதற்கு மட்டுந்தானா?”

தேவாங்கு தன் பெரிய கண்களை மிகுந்த வருத்தத்தோடு பாதி திறந்தான். வெயிலில் அவற்றிலிருந்து நீர் வழிந்தது.

“ஆமாம், அக்கா. அதற்காகத்தான் இருக்கிறது. என்னை நானே தெரிவு செய்துகொள்ளவில்லையே.”

அவன் சொன்னதில் பிழையில்லை. சினத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுவன்று. அவள் நேரே புங்கமரத்தடிக்குப் போனாள். சித்திரன் புதிய கற்கள் மூன்றையும் பழைய கற்களோடு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“தலைவரே, பயிற்சிக்கு வாருங்கள்.”

“இதைப் பார், வேலாயி. நாலாம் ஆண்டில் நம் அணி எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பார். ஆண்டுக்கு இருவர், மூவர்! எதிரில் யார் நிற்க முடியும்?”

“நாலாம் ஆண்டு! என் குட்டிகளுக்கு இந்தச் சித்திரையில் தண்ணீர் வேண்டும்.”

“நீ எப்போதும் அவசரக்காரி.”

அதுவரை அவனை ஒருமுறைகூட மரியாதை குறைத்துப் பேசாதவள், அன்று பேசினாள். “நீ தலைவன் அல்ல. கல் பொறுக்குகிறவன்.”

பங்குனி வந்தது. முதல் ஆட்டத்தில் மேலைக்கரை, தென்கரையிடம் ஒரே ஒரு பந்தில் தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் கீழைக்கரை, தென்கரையை எளிதாக வென்றது. எஞ்சியது மேலைக்கரைக்கும் கீழைக்கரைக்கும் நடக்கும் ஆட்டம். வென்றால், பந்துக் கணக்கில் தென்கரை பின்தங்க, மேலைக்கரை தப்பும். தோற்றால் கலையும்.

நண்பகல் சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. விறலன் புழுதியோடு புழுதியாக ஓடி, தொடக்கத்திலேயே ஒரு பந்தை அடித்துவிட்டான். முயல்கள் துள்ளிக் குதித்தன. பிறகு கவணன் தன் ஆட்டத்தைத் தொடங்கினான்.

அவன் உதைத்த பந்துகளை வேலாயி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தாள். ஒன்றை முதுகில் வாங்கினாள். ஒன்றை விலாவில் வாங்கினாள். ஒன்றை நெற்றியில் வாங்கி, தலை சுற்றி விழுந்து எழுந்தாள். வாசலின் முன்னே தடுத்து நிற்க வேண்டியவன் தேவாங்கு. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை நீட்டித் தடவிக்கொண்டிருந்தான். கவணன் அவனைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டிய தேவைகூட இல்லை, தாண்டியே போனான். ஒரு பந்து உள்ளே போயிற்று. சமநிலை.

பொழுது விழும் வேளையில் கவணன் கடைசி முறையாக உதைத்தான். வேலாயி முதுகைத் திருப்பினாள். பந்து முட்களில் குத்தியது, ஆனால் நிற்கவில்லை. குத்திய முட்களைப் பிடுங்கிக்கொண்டே வாசலைக் கடந்து போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்தபின் கவணன் பந்திலிருந்து இரண்டு முட்களை உருவி எடுத்துக்கொண்டு வந்தான்.

“அக்கா, வலிக்கிறதா?”

“அங்கே வலிக்கவில்லை.”

“தெரிவு நாளில் என்னை அழைப்பீர்கள் என்றுதான் நின்றேன். உங்கள் தலைவர் என் பெயரைச் சொல்லவே இல்லை.”

அவன்மீது சினம் கொள்ள அவளால் முடியவில்லை. அந்தச் சினம் முழுவதும் சேர வேண்டிய இடத்தை நோக்கி அவள் திரும்பினாள். அங்கே சித்திரன், கற்களையெல்லாம் மடியில் கட்டியவனைப்போல் அணைத்துக்கொண்டு நாரையிடம் ஓடிக்கொண்டிருந்தான்.

“நடுவரே, எங்கள் அணியைக் கலைக்கக்கூடாது. இவற்றைப் பாருங்கள். வருகின்ற மூன்றாண்டு முறைகள் எங்களுக்கு இருக்கின்றன.”

“யாருக்கு இருக்கின்றன?” என்று கேட்டது நாரை.

“மேலைக்கரை அணிக்கு.”

“அப்படி ஓர் அணி இப்போது இல்லை.”

“அப்படியானால் இவை?”

நாரை கழுத்தை நீட்டிப் பார்த்தது. “கூழாங்கற்கள்.”

சித்திரன் பொறையன் பக்கம் திரும்பினான். “பொறையரே, நீர் வாக்குக் கொடுத்தீரே!”

“கொடுத்தேன்; இன்னும் மறுக்கவில்லை. உங்கள் அணி தெரிவுக்கு வந்து நிற்கும் நாளில் தவறாமல் தருவேன்” என்றான் பொறையன். கீழைக்கரை முழுவதும் சிரித்தது.

வேலாயி சிரிக்கவில்லை. அவள் சித்திரனின் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய முட்கள் ஒன்றோடொன்று உரசி ஒலித்தன.

“அவன் பகைவன், பகைவனுடைய வேலையைச் செய்தான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குத் தலைவன் நீ. கையில் வந்த வலிமையை மூன்று முறையும் கொடுத்துவிட்டு, வராத நாளை வாங்கினாய். என் குட்டிகளின் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வாங்கினாய். இனி அந்தக் கற்களை நக்கிப் பார். தாகம் தீர்கிறதா என்று சொல்.”

சித்திரன் கற்களை இன்னும் இறுக அணைத்துக்கொண்டான். விறலன் அழுதான். அவனைப் பார்த்தும் வேலாயி சொன்னாள்: “அன்றைக்கு உண்மை சொல்லத் திறக்காத வாயை இப்போது எதற்குத் திறக்கிறாய்?”

அதன்பின் நடந்தவை இவை. பங்குனி முடிவதற்குள் மேலைக்கரை காலி செய்யப்பட்டது. கீழைக்கரையார் அங்கே குடியேறினர். விறலனைத் தென்கரை சேர்த்துக்கொண்டது. முயல்கள் புல்வெளிப் பக்கம் போயின. மரங்கள் எந்த அணிக்கும் உரியவை அல்ல. ஆகவே தேவாங்கு புங்கமரத்திலேயே தங்கினான். வேலாயி இரண்டு குட்டிகளையும் அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துச் சுனைக்குப் புறப்பட்டாள். வழி நெடியது, வெயில் கடுமையானது. மூத்த குட்டி அவளோடு போய்ச் சேர்ந்தது. இளையது போய்ச் சேரவில்லை. சித்திரன் கீழைக்கரையில் இடம் கேட்டுப் போனான். ஓடக்கூடியவர்களே வேண்டும் என்று பொறையன் அவனைத் திருப்பி அனுப்பினான். அடுத்த மாசியில் தெரிவு நாள் இரண்டே அணிகளோடு நடந்தது.

இன்றைக்கு நிற்க வேண்டிய வலிமையைக் கைமாற்றி, நாளைக்கென்று சேர்த்து வைக்கும் தலைவன், அந்த நாளைக் காண்பதற்குத் தன்னை நம்பியவர்களை மிச்சம் வைப்பதில்லை.