சுல்தானுக்குப் பின்னால் இருந்த சோபா

சுடரொளி ஸ்டுடியோவின் முதலாளி ஞானப்பிரகாசத்துக்கு அன்று காலையிலிருந்தே ஒரே கவலை. பொற்கொடி டீச்சர் தன் பாரசீகப் பூனை சுல்தானின் படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்காட்சி விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு, நீலப் பின்னணியில் பூனை மட்டும் இருக்கவேண்டும்; மாலை ஐந்து மணிக்குள் வேண்டும்.

“இதையும் சொதப்பினீங்கன்னா, பள்ளிக்கூட குரூப் போட்டோ எதிர்க்கடைக்குத்தான்” என்று சொல்லி, பூனையை நேரில் பார்க்க வசதியாக வீட்டுச் சாவியையும் கொடுத்திருந்தார்.

உதவியாளன் ஒச்சப்பன் கணினியில் பூனையைச் சுற்றி வெட்டினான். காது முளைத்த இட்லி ஒன்று கிடைத்தது.

இத்தொழிலில் தேர்ந்த தன் மச்சானுக்குப் படத்தை அனுப்பிவிட்டு ஞானப்பிரகாசம் போன் செய்தார்.

“முதல்ல பின்னால இருக்கிற சோபாவை எடுத்துடுங்க மாமா. அப்புறம் ஓரத்துல ஒட்டியிருக்கிற பச்சையைப் போக்குங்க. முடி ஒண்ணொண்ணும் தனியாத் தெரியணும். அவ்வளவுதான்.”

அடுத்த அரை மணி நேரத்தில் ஒச்சப்பனும் இன்னோர் உதவியாளனான தவசியும் டீச்சர் வீட்டுப் பச்சை சோபாவைத் தூக்கித் தெருவில் வைத்திருந்தார்கள்.

“அண்ணே, சோபாவை எடுத்தாச்சு. படத்துல போயிருச்சா?” என்று போனில் கேட்டான் ஒச்சப்பன்.

ஞானப்பிரகாசம் திரையை உற்றுப் பார்த்தார். “இல்லையேப்பா. அப்படியேதான் இருக்கு.”

“வாசல்லயே வச்சா எப்படிப் போகும்? அடுத்த தெருவுக்குக் கொண்டுபோறோம்.”

சோபா அடுத்த தெருவுக்குப் போனது. படத்தை விட்டுப் போகவில்லை. கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை. கடைசியில் சோபாவையும் சுல்தானையும் ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்தார்கள். இடம் போதாததால், அங்கே தொங்கிய நீலத் திரையைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்கள்.

ஆலோசனை நடந்தது.

“படம் போன மாசம் எடுத்தது. சோபா இன்னைக்குத்தான் நகர்ந்துச்சு. படத்துக்கு விஷயம் எட்டலைண்ணே” என்றான் தவசி. மூவரில் ஆழ்ந்து யோசிப்பவன் அவன்.

“எப்படா எட்டும்?”

“பழைய படம் பாருங்க, மெதுவாத்தான்.”

“அதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடுமேடா! புதுசா எடுத்துருவோம்” என்றார் ஞானப்பிரகாசம் கலங்கிப்போய்.

பச்சையைப் போக்கவேண்டுமே! சுல்தானைக் குழாயடியில் பிடித்து, ஷாம்பு போட்டு மூன்று முறை அலசினார்கள். பூனையிலிருந்து பச்சை வரவில்லை; தவசியின் கையிலிருந்து சிவப்புத்தான் வந்தது. நனைந்து ஒட்டிப்போன சுல்தானைப் படமெடுத்தபோது ஓரத்தில் ஒரு முடிகூடத் துருத்தவில்லை. ஒச்சப்பன் இரண்டே நிமிடத்தில் வெட்டி, நீலத்தில் வைத்து அச்சிட்டான்.

“வெட்டு பிரமாதம். ஆனா முடி ஒண்ணொண்ணும் தெரியணும்னு மச்சான் சொன்னாரே?” என்றார் ஞானப்பிரகாசம்.

மணி நாலு. தவசி சோபாவைப் பார்த்தான். அதில் ஒரு மாதத்து முடி அடர்ந்து கிடந்தது. மூவரும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, படத்துப் பூனையைச் சுற்றிப் பசையால் ஒட்டினார்கள்.

ஐந்து மணிக்கு வந்த டீச்சர், அடியில் சுல்தான் பதுங்கியிருப்பது தெரியாமல் சோபாவில் அமர்ந்தார். “எங்க வீட்டுல இருக்கிற மாதிரியே வாங்கியிருக்கீங்களே!” என்று வியந்துவிட்டுப் படத்தைக் கையில் எடுத்தார். “கொஞ்சம் இளைச்சிருக்கானோ?”

“சோபா இல்லாததால அப்படித் தெரியுது டீச்சர்” என்றான் தவசி.

டீச்சர் படத்தைத் தடவினார். கண் கலங்கியது. “உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குப்பா! நாளைக்கே வந்து குரூப் போட்டோ எடுத்துடுங்க. நாற்பத்திரண்டு பிள்ளைங்க. ஒவ்வொருத்தரும் இதே மாதிரி வரணும்.”

அவர் படியிறங்கியதும் ஞானப்பிரகாசம் பக்கத்துச் சலூனுக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு வெட்டுற முடியைக் கூட்டித் தள்ளிராதீங்க. நாற்பத்திரண்டு தலைக்கு வேணும். ரெட்டைச் சடைக்கு ஆகிற நீளத்துல கொஞ்சம் தனியா எடுத்து வைங்க.”