கிளி உக்காராத பூ

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, மலையெல்லாம் இப்ப இருக்கறத விட ரெண்டு முழம் ஒசரமா இருந்துச்சாம். அளந்து பாத்தவன் எவனும் உசுரோட இல்ல, அதனால நான் சொல்றத நம்பிக்கிட்டு உக்காருங்க. அங்க பின்னால இருக்கறவரே, கொட்டாவிய அப்புறம் விடலாம்.

அப்படி ஒரு மலைக்கு அடியில ஒரு ஊரு. எல்லாம் புல்லுக் கூரை. ஊரு முடியற எடத்துல புரசங்காடு. புரசு மரம் தெரியுமில்ல? வருசம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். பங்குனி தலையக் காட்டுனா போதும், இலையெல்லாம் உதுத்துப் போட்டுட்டு கிளை கிளையா பூக்கும். கிளி மூக்கு மாதிரி வளைஞ்ச பூவு, செக்கச்செவேல்னு. பேருக்குக்கூட ஒரு பச்சை இருக்காது. மலைக்கே மஞ்சத்தண்ணி ஊத்தி, குங்குமத்த அப்பி விட்ட மாதிரி இருக்கும்.

ஊருக்காரங்களுக்கு அது பழகிப்போச்சு. நிமிந்துகூடப் பாக்க மாட்டாங்க.

அந்த ஊருல செங்கோடன்னு ஒருத்தன். உப்பு வாங்கக் கடலோரம் போனவன், உப்போட சேத்து பவளாயின்னு ஒரு பொண்ணையும் கட்டிக்கிட்டு வந்தான். பவளாயி ஊருல மணலு, பனை, உப்பு. அவ்வளவுதான். செவப்புன்னா அவளுக்கு அடுப்புல எரியற நெருப்புதான்.

தை மாசம் வந்தவ, பங்குனியில ஒருநா காலையில கதவத் தொறந்தா. மலை செவப்பா நின்னுச்சு. பாவம், அவ என்னத்தக் கண்டா!

"தீ... தீ... எல்லாரும் ஓடிவாங்களே!"

அந்த 'வாங்களே'யக் கடலோரத்து இழுப்புல இழுத்துக் கத்துனா பாருங்க, ஊரே எந்திரிச்சு ஓடுச்சு. கொடத்தத் தூக்குனவன், சாக்க நனைச்சவன், வேட்டிய விட்டுட்டு ஓடுனவன். மூச்சு வாங்கப் போயி நின்னா, எதுக்க பூவு. பூவுல கிளி. கிளி எல்லாரையும் ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி தேன் குடிக்கப் போயிருச்சு.

நாட்டாமை கொடத்தக் கீழ வச்சாரு. "ஏம்மா புதுப்பொண்ணு, இதுல எந்தப் பூவ மொதல்ல அணைக்கட்டும்?"

சிரிச்சாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

இப்பத்தான் வர்றான் குப்பாண்டி. நாட்டாமையோட இருமலு, பூசாரியோட மூக்குப்பேச்சு, மாமியா மருமக சண்டை, எல்லாத்தையும் ஒத்த ஆளா நின்னு பண்ணிக் காட்டுவான். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அசலு எது, போலி எதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. அவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டு, இடுப்புல ஒரு கொடத்த வச்சுக்கிட்டு, "தீ... தீ... எல்லாரும் ஓடிவாங்களே!"ன்னு ஒரு சத்தம் குடுத்தான். அச்சு அசலு பவளாயி. அவ மாமியாகாரி திரும்பிப் பாத்து, "என்னடி?"ன்னு கேட்டுட்டா!

அன்னைக்கு வீட்டுல பவளாயி புருசங்கிட்ட சொன்னா: "நான் பயந்துதான கத்துனேன். எனக்காகவா கத்துனேன்? இதுல என்ன சிரிப்பு?"

செங்கோடன் வாயத் தொடைச்சுக்கிட்டான். அவனும் சிரிச்சவன்தான். "விடு புள்ள, விளையாட்டுத்தான."

அதுக்கப்புறம் பவளாயி தெருவுல வாயத் தொறக்கல. தொறந்தா அதையும் புடிச்சுக்குவானே.

மறுவருசம் பங்குனி. மொதப் பூவு பூத்ததும் குப்பாண்டி நேரா காட்டுக்குள்ள போனான். மரத்துக்குப் பின்னால நின்னு, "தீ... தீ... எல்லாரும் ஓடிவாங்களே!" ஊருக்குள்ள பொம்பளைங்க ஒலக்கைய வச்சுட்டு சிரிச்சாங்க. "பூ பூத்திருச்சுடி!" புள்ளைங்க ஆடுச்சுங்க. குயிலு கூவுறத விட்டுட்டு குப்பாண்டி கூவுறதக் கேட்டுத்தான் இனி பங்குனின்னு ஆகிப்போச்சு.

பவளாயி என்ன பண்ணா? எந்தப் பூவப் பாத்து ஏமாந்தாளோ, அந்தப் பூவத் தெனம் போயி பாத்தா. அதுக்குள்ள பொறந்த கைப்புள்ள, மக சிப்பிய, இடுப்புல வச்சுக்கிட்டு, உதுந்த பூவச் சாயத்துக்குப் பொறுக்கிக்கிட்டே பாத்தா. கிளி எங்க உக்காருது, மைனா எந்தக் கிளைக்குச் சண்ட போடுது, தேன்சிட்டு எப்படித் தலகீழாத் தொங்குது, எல்லாம் பாத்தா. பூவு இருக்கற எடத்துல சத்தம் இருக்கும். அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஊருல பூவ நிமிந்து பாத்தது அவ ஒருத்திதான்.

மூணாம் வருசம் பங்குனி. மலை பழையபடி செவந்துச்சு. ஊரு பங்குனித் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு, பந்தியில உக்காந்துச்சு. பவளாயி சிப்பியோட காட்டுக்குள்ள இருந்தா.

நிமிந்து பாத்தா. மலை மேல ஒரு பக்கம் செவப்புல ஒரு கிளி இல்ல. ஒரு மைனா இல்ல. எல்லாம் கூட்டங்கூட்டமா அவ தலைக்கு மேல கீழ்ப்பக்கமா பறக்குது. கிளி உக்காராத செவப்பு பூவா? மூங்கிலு மூங்கிலோட ஒரசிப் பத்திக்கிட்டு, நெருப்பு பூவோட பூவா எறங்கி வந்துக்கிட்டு இருக்கு!

வாயத் தொறந்தா. ரெண்டு வருசமாத் தொறக்காத வாயி.

"தீ... தீ... எல்லாரும் ஓடிவாங்களே!"

பந்தியில இருந்த ஊரு கையக் கொட்டுச்சு. "ஆரம்பிச்சுட்டான்டா குப்பாண்டி! இந்த வருசம் இன்னும் உருக்கமா இருக்குப்பா!" செங்கோடனும் சிரிச்சான். சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே சிரிச்சான்.

குப்பாண்டி அப்பத்தான் காட்டுக்குள்ள கால வைக்கறான். சத்தத்தக் கேட்டதும், "எவன்டா அது, நம்ம பொழப்பக் கெடுக்கறது?"ன்னு திரும்புனான். மூக்குல பொகை ஏறுச்சு. அந்த ஊருல அந்தக் கொரலு நெசம்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான்.

ஓடியாந்தான். "ஐயோ, நானில்ல! அது பவளாயி! மலை எரியுது!"

"பாருடா, இந்த வருசம் தன்னையே பண்ணிக் காட்டறான்!"

நாட்டாமை கொரலுக்குத்தான் ஊரு அசையும்னு, அவர மாதிரி இருமி, "எந்திரிங்கடா, எடுங்கடா கொடத்த!"ன்னு அதட்டுனான். நாட்டாமையே கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு.

அந்நேரம் காட்டுல இருந்து மறுபடி, "ஓடிவாங்களே!"

"அங்க கேளுங்க! நான் இங்க நிக்கறேன், அங்க கத்தறது யாரு?"

பூசாரி, "சிஷ்யப்புள்ள ஒண்ணப் பழக்கி நிறுத்தியிருக்கான்யா!"ன்னாரு.

கடைசியா குப்பாண்டி மண்ணுல விழுந்து, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதான். சொந்தக் கொரலு, சொந்தக் கண்ணீரு.

அதுக்கும் கையக் கொட்டுனாங்க.

காட்டுல சத்தம் நின்னுபோச்சு. இன்னொரு தடவ கத்துவான்னு ஊரு காத கூர்மையாக்கிக்கிட்டு இருந்துச்சு. கத்தல.

குப்பாண்டி ஒரு கொடத்தத் தூக்கிக்கிட்டு ஒத்த ஆளா ஓடுனான். ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு மலை அணையுமா, நீங்களே சொல்லுங்க. அவன் போன கொஞ்ச நேரத்துல, பந்தல் ஓரமா வானத்துல இருந்து ஒரு கிளி நாட்டாமை இலையில வந்து விழுந்துச்சு. றெக்கை கருகிக் கெடந்துச்சு.

அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு.

ஓடுனாங்க. ஆனா அதுக்குள்ள நெருப்பு பாதி வழி வந்திருந்துச்சு. காட்டோரத்து வீடெல்லாம் போச்சு. மாடு கட்டுன கயித்தோட போச்சு. அப்பவும் விசாரிச்சவங்க இல்ல, எங்க பவளாயின்னு. செங்கோடன்தான் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டுத் திரிஞ்சான்.

குப்பாண்டிதான் கண்டுபுடிச்சான். வத்திப்போன ஓடையில, கடலோரத்துப் பொண்ணு மணலத் தோண்டியிருந்தா. ஈரம் தட்டற மட்டும் தோண்டி, சிப்பிய உள்ள வச்சு, சேலைத் தலைப்ப நனைச்சு மூடி, மேல தானே கவுந்து படுத்திருந்தா. அவ முதுகுல ஒண்ணும் மிச்சமில்ல. அடியில புள்ள அழுதுக்கிட்டு இருந்துச்சு.

மறுவருசம் பங்குனி. கரிக்கட்டையா நின்ன மரத்துலகூடப் பூவு வந்திருச்சு. கருப்புல செவப்பு. அப்படி ஒரு அழக அந்த மலை அதுக்கு முன்னாடி காட்டுனதே இல்ல. ஊரே நிமிந்து பாத்துச்சு. யாரும் வாயத் தொறக்கல. ஆளுக்கு ஒரு கொடம் தண்ணியோட போயி, பாத்துட்டுத் திரும்புனாங்க.

வருசம் போச்சு. சிப்பி ஓடியாடற பொண்ணா ஆனா. ஒருநா குப்பாண்டி வீட்டு வாசல்ல வந்து நின்னா.

"மாமா, நீ எல்லாரு மாதிரியும் பேசுவியாமே?"

"அதெல்லாம் விட்டுட்டேன் கண்ணு."

"எங்கம்மா மாதிரி ஒரு தடவ பேசு மாமா. எங்கப்பாவுக்கு அப்படிப் பேச வரல, அழுகுறாரு. என்னைக் கொஞ்சுவாளாமே, அது மாதிரி பேசு. தாலாட்டுவாளாமே, அது மாதிரி."

குப்பாண்டி வாயத் தொறந்தான். அந்தக் கொரலு அவன் தொண்டையிலதான் இருந்துச்சு, அச்சு அசலா. ஆனா அவகிட்ட இருந்து அவன் எடுத்தது ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சறதையும் தாலாட்டறதையும் அவன் காதுல வாங்குனதே இல்ல. அந்த ஒரு வார்த்தைய அந்தப் புள்ளைக்கிட்ட எப்படிச் சொல்றது?



கேட்டீங்களா, இதுதான் விசயம்: ஒருத்தர் பயந்து கத்துன சத்தத்தை எடுத்து ஊரு சிரிச்சுப் பழகிட்டா, அவங்க நெசமாவே கத்தற அன்னைக்குக் கேக்கறதுக்கு அந்த ஊருல ஒரு காதுகூட மிஞ்சாது.