நீங்கள் முதலில்

"போர் வராது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், தாயே. இன்றிரவாவது தூங்குவேன்."

கேட்டவர் அழிசியார், தென்கரைப் பேரரசின் தூதர். தூது போய்ப் போயே தலை நரைத்தவர். பேச்சை விற்றுப் பிழைத்த அந்த மனிதருக்கு அன்று வாய் உலர்ந்துபோயிருந்தது.

எயினியார் குகை வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வேடர் குடியில் பிறந்து துறவு பூண்டவர். வயதில் அழிசியாருக்கு மகள் போன்றவர். ஆனாலும் மனம் கலங்கினால் அழிசியார் ஏறி வருவது அந்த மலைக்குத்தான்.

என்ன நடந்தது என்று கேட்டார் எயினியார்.

அழிசியார் கொட்டித் தீர்த்தார். ஆற்றின் வடகரையில் ஒரு பாசறை எழுந்தது. காவலுக்குத்தான் என்றார்கள். தென்கரை சும்மா இருக்குமா? இங்கேயும் ஒன்று எழுந்தது, அதுவும் காவலுக்குத்தான். அங்கே யானைகள் வந்தன. இங்கே அவற்றைவிடப் பெரிய யானைகள் வந்தன. இப்போது இரண்டு கரையிலும் வில்லாளிகள் அம்பு தொடுத்து நிற்கிறார்கள். முன்வரிசையில் அழிசியாரின் ஒரே மகன் சேந்தனும் நிற்கிறான்.

"உங்கள் மன்னர் போரை விரும்புகிறாரா?"

"இல்லை."

"வடகரை மன்னர்?"

"அவருக்கும் விருப்பமில்லை. அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்."

"பிறகென்ன, படையைத் திருப்ப வேண்டியதுதானே?"

"'நீங்கள் முதலில் விலகுங்கள், அடுத்த கணமே நாங்கள் விலகுகிறோம்' என்று சொல்லிப் பார்த்தோம். மன்னரே மெச்சிய வாசகம். யோசித்துக் கொடுத்தது நான்தான்."

அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. வடகரையிலிருந்து அதே வாசகம் பதிலாக வந்ததைச் சொல்லும்போது அந்தப் பெருமை காணாமல் போயிருந்தது.

எயினியார் எழுந்து உள்ளே போனார். இரண்டு வில்லும் இரண்டு அம்பும் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒன்று.

"என் நெஞ்சுக்குக் குறி வையுங்கள்."

அழிசியார் பதறிப்போய் மறுத்தார். அதற்குள் எயினியார் சற்றுத் தள்ளிப் போய், தன் வில்லை வளைத்து, அவர் நெஞ்சுக்கு நேராக அம்பைப் பிடித்துவிட்டார். முகத்தில் விளையாட்டின் சாயலே இல்லை.

அழிசியாரின் கைகள் அவரைக் கேட்காமலே நாணை இழுத்தன.

"இப்போது பேசுங்கள்."

அழிசியாரின் கண் எதிரே இருந்த அம்பு முனையை விட்டு அகலவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் கடுத்தது. விரல்கள் வியர்த்து, நாண் வழுக்கத் தொடங்கியது.

"இறக்கிவிடுங்கள், தாயே."

"நீங்கள் முதலில்."

சபையில் எவ்வளவு நியாயமாக ஒலித்த வாசகம் அது!

இறக்கிவிடலாம். இறக்கிய பிறகு எயினியார் இறக்காவிட்டால்? எதிரே இருந்தது இத்தனை காலம் அழிசியார் கும்பிட்ட முகம். அதை அவரால் நம்ப முடியவில்லை. நம்ப முடியவில்லை என்பதே அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஆற்றங்கரையில் சேந்தன் இப்படித்தான் நிற்கிறான். எதிர்க்கரையிலும் யாரோ ஒருவருடைய மகன் நிற்கிறான். அழிசியாருக்குக் கண் கலங்கியது. குறி மங்கியது.

"தாயே, விடக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். விரல் நழுவுகிறது."

"தெரிகிறது," என்றார் எயினியார். "எனக்கும் நழுவுகிறது."