ஆமைப் பூசாரிக்கு ஒரு பிடி கீரை

ஒரு காட்டில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி இருந்தது. பறவைகளுக்குப் பொந்து குடைந்து கொடுப்பது அதன் பிழைப்பு. நல்ல உழைப்பாளிதான். ஆனால் அடுத்தவர் இலையில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க அதனால் முடியாது.

அந்தக் காட்டின் நடுவே, ஆலமரத்தடியில், ஓர் ஆமை பூசாரியாக இருந்தார். யாருக்காவது உயிர் பிரியும் நேரம் வந்தால் அவர் போய்ப் பக்கத்தில் உட்காருவார். பெயர் சொல்லி, "பயப்படாம போய் வா" என்று வழியனுப்புவார். வீட்டுக்கு ஒரு பிடி கீரை தினமும் அவருக்குப் போய்விடும்.

செங்கொண்டைக்கு இது பொறுக்கவில்லை. கூட்டத்தில் கேட்டேவிட்டது.

"எட்டு நாள் மூக்கு தேயக் கொத்தினா எனக்கு எட்டு அத்திப்பழம். கரடி அண்ணன் உடம்பெல்லாம் கொட்டு வாங்கித்தான் தேன் கொண்டாறார். சாவு என்ன தினமுமா விழுது? பூசாரிக்கு மட்டும் தினம் படியளக்கணுமா? இனி சாவுக்கு ஒரு பிடி, போதும்!"

முயலும் மானும் தலையாட்டின. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"உங்க இஷ்டம்ப்பா. ஆனா என் நடை உங்களுக்குத் தெரியுமே" என்றார் பூசாரி.

"நடைக்குமா கூலி?" என்றது செங்கொண்டை. கூட்டமே சிரித்தது.

மறுநாள் முதல் கீரை நின்றது. பூசாரிக்கும் வயிறு இருக்கிறதே! தூரத்து ஓடைக்கரைக்கு மேயப் போனார். விடியலில் கிளம்பினால் உச்சிவெயிலில்தான் போய்ச் சேருவார்.

ஆடிக் காற்றில் ஒருநாள் கிளை முறிந்து செங்கொண்டையின் மனைவி மின்னி மேல் விழுந்தது. மரத்தடியில் கிடந்த அவளுக்கு மூச்சு இழுத்தது.

"ஏங்க, பூசாரியக் கூப்பிடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

செங்கொண்டை ஆலமரத்துக்குப் பறந்தது. அங்கே சருகுதான் கிடந்தது. ஓடைக்குப் பறந்து விஷயத்தைச் சொன்னது. கடித்த கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பூசாரி கிளம்பினார். விழுந்தடித்துத்தான் வந்தார். என்ன செய்ய, ஆமை நடைதானே!

"வந்துட்டாரா?" என்று, முன்னால் பறந்து திரும்பிவிட்ட செங்கொண்டையிடம் மின்னி மூன்று முறை கேட்டாள்.

"இதோ வந்துட்டார்" என்று செங்கொண்டை மூன்று முறையும் பொய் சொன்னது. நான்காம் முறை அவள் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது பூசாரி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மின்னியின் பெயரைச் சொன்னார். கேட்க அவள் இல்லை.

"நீங்க பக்கத்துல இருக்கணும்னுதான் அந்தக் கீரை. எனக்கு உறைக்கலையே சாமி!" என்று செங்கொண்டை அழுதது.

"நானும் வேகமாத்தான் நடந்தேன்ப்பா" என்றார் பூசாரி.

அதன் பிறகு தினமும் செங்கொண்டை கீரையைக் கொண்டுவந்து ஆலமரத்தடியில் வைத்தது. பூசாரியின் முகத்தைப் பார்க்க மட்டும் அதனால் ஒருநாளும் முடியவில்லை.

ஆபத்துக்குத் துணை இருப்பவருக்குக் கூலியை எண்ணிக் குறைப்பவர், ஆபத்து வரும் நாளில் தனியாகத்தான் தவிப்பார்.