கோட்டையில வச்சுப் பொண்ணு காட்டினோம்

வீட்டுல வச்சுப் பொண்ணு காட்டினா தெருவுக்கே தெரிஞ்சுரும், கோயில்ல காட்டினா சொந்தக்காரன் நாலு பேரு வந்து நிப்பான்னு, போன ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மக தாரணியைக் கோட்டையில வச்சுக் காட்டினோம். பழைய கோட்டை, இப்பத்தான் செப்பனிட்டுத் திறந்திருக்காங்க. ஏற்கெனவே ரெண்டு வரன் தட்டிப் போச்சு. ஜாதகம் சரியில்லைன்னு தாரணியோட அப்பா, எங்க மச்சான் மணவாளன், சொல்லிக்குவாரு. இதுவும் போயிருமோன்னு அக்காவுக்கு நாலு நாளா சோறு இறங்கலை.

மாப்பிள்ளை வீட்டுப் பதிலைச் சொல்லத் தரகர் அருணகிரி அக்கா வீட்டுக்கு வந்து உக்காந்தாரு. மச்சான் அவரை வாயைத் திறக்க விடணுமே.

"தரகரே, அங்க ஒரு பீரங்கி. முந்நூறு வருசமா அடைச்சுக் கிடக்கு. மாப்பிள்ளைப் பையன் ஆசையாப் பாத்தாரு. அடுப்பு ஊதுற மாதிரி லேசா ஊதினேன். உள்ள இருந்த குண்டு பறந்து போயி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு முழுக்கக் காய் இறக்கிருச்சு. மரமேற ஆள் கிடைக்காம இருந்தாராம் தோப்புக்காரரு, ஓடி வந்து கும்பிட்டாரு."

"நானும் கூடத்தான் இருந்தேன் மச்சான். நீங்க ஊதினதும் உள்ள இருந்து வவ்வால் வந்துச்சு. நீங்கதான் ஓடினீங்க."

"குண்டுக்கு முன்னாடி வந்த வவ்வால்டா அது. பீரங்கி சூடேறிப் போச்சா, அதுமேல எண்ணெயை ஊத்தி நூறு பஜ்ஜி எடுத்தேன். விசில் ஊதிக்கிட்டு வந்த காவல்காரரு ஒண்ணைத் தின்னுட்டு, விசிலை என்கிட்டயே கொடுத்துட்டாரு."

"பஜ்ஜி நான் வீட்டுல போட்டு டப்பாவுல கொண்டு வந்தது," அக்கா சொன்னா. "தரகரே, அவங்க என்னதான் சொன்னாங்க?"

"இரு செண்பகம், முக்கியமானது இனிமேதான். சம்பந்தி மதில் மேல நின்னு போட்டோ எடுக்கையில கால் வழுக்கிட்டாரு. எண்பதடி. அவரு பாதி தூரம் விழறதுக்குள்ள நான் இருநூறு படி இறங்கி, கீழ அகழியில நின்னு வேட்டியை விரிச்சுப் பிடிச்சுட்டேன்."

தரகருக்கு அப்பத்தான் பேச இடம் கிடைச்சுது. "வேட்டியை விரிச்சுட்டீங்க. அப்ப இடுப்புல என்ன இருந்துச்சு?"

"இடுப்பளவு தண்ணி இருந்துச்சு," மச்சான் கொஞ்சமும் அசரலை.

அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. தரகர் அவ பக்கம் திரும்பி உக்காந்தாரு.

"பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்காம்மா. தையிலயே முடிச்சுரலாங்கறாங்க. ஒரே ஒரு நிபந்தனை."

அக்கா முகம் செத்துப் போச்சு.

"நிச்சயத்தன்னைக்குப் பொண்ணோட அப்பா வாயே திறக்கக் கூடாதாம்."

அக்கா பெருமூச்சு விட்டா. "நூறு பவுன் கேப்பாங்களோன்னு பயந்துட்டேன். கல்யாணத்தன்னைக்கும் சேத்தே சரின்னு சொல்லிருங்க."