எந்த நாள் பதினாலு?

குருவைவிடச் சீடன் ஏழு வயது மூத்தவர். அதனால் சீடன் கேள்வி கேட்கும்போதெல்லாம் குரு, "சொல்லுங்கண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்.

குருவின் பெயர் காஜா மைதீன். திண்டுக்கல் பேகம்பூரில் செருப்புக்கடை வைத்திருந்தார். சீடன் பவுன்ராஜ். பைபாஸ் ரோட்டில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுப்பவர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது கல்லூரி மைதானம்.

ஆனி மாதம் கல்லூரி திறந்ததும் கால்பந்து அணிக்குப் புதுப் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி தொடங்குவார்கள். போட்டிகளுக்கு இன்னும் நாள் இருக்கும். ஆனால் ஊரில் பந்துப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதுதான் திருவிழா. மேற்குப் பக்கத்துச் சிமெண்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, இவன் தேறுவான், அவன் தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காத தீர்ப்புக்குத்தானே ருசி அதிகம்.

அந்தப் படிக்கட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுதியில் இடம் கிடைக்காத வெளியூர்ப் பையன் ஒருவனை ஆண்டுதோறும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, காலுக்கு பூட்ஸ். அவனுக்குப் படிக்கட்டுப் பிள்ளை என்று பெயர். யாரை எடுப்பது என்று சொல்கிறவர் காஜா மைதீன். அவர் கைகாட்டிய பிள்ளை ஒருவன்கூடச் சோடை போனதில்லை. சகாயம் என்பவன் பல்கலைக்கழக அணிக்கே கோல்கீப்பர் ஆனான். இன்னொருவன் ரயில்வேக்கு ஆடப் போனான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்? படிக்கட்டின் தீராத விசாரணை அது. செருப்புக்கடைக்காரர், காலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்றார்கள் சிலர். இல்லை, பையன் தண்ணீர் குடிக்கிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம் என்றார்கள் வேறு சிலர். ஏனென்றால் அவர் படிக்கட்டில் உட்காருவதே இல்லை. தெற்கு கோல்போஸ்டுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வருவது ஆனி, ஆடியோடு சரி. அப்புறம் போட்டி நாளில் தலைகாட்டுவார்கள். காஜா மைதீன் போட்டியே இல்லாத மார்கழியிலும் தினம் வருவார். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று படிக்கட்டு பேசிக்கொண்டது.

இந்த ஆண்டு பயிற்சி தொடங்கிய திங்கட்கிழமை, அவர் படிக்கட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த வருஷம் பவுன்ராஜண்ணே சொல்லட்டும்."

பவுன்ராஜுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. அப்புறம் பயம் வந்தது. விடுதியில் இடம் கிடைக்காத பையன்கள் இரண்டு பேர். விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற ஷெட்டில் வெள்ளிக்கிழமை வரை படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒருவனுக்கு இடம் கிடைக்கும். மற்றவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன்கள். ஊருக்குப் போன மறுநாள் காலையில் நூல் மில் வேன் வாசலில் வந்து நிற்கும். அதில் ஒருதரம் ஏறியவன் கல்லூரிக்குத் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அந்த வெளியூர்ப் பசங்க யாரு சார்?" என்று கோச்சிடம் கேட்டார் பவுன்ராஜ்.

"அந்தா, பதினாலும் ஒம்பதும்" என்று நம்பர் போட்ட பனியன்களைக் காட்டினார் கோச்.

அன்றிலிருந்து பவுன்ராஜ் மேல்படியில் உட்கார்ந்து பதினாலையும் ஒன்பதையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்று புழுதியை வாரி அடித்தது. புதுப் பையன்கள் அத்தனை பேருக்கும் கோச் உத்தரவுப்படி ஒட்ட வெட்டிய கிராப்பு. மேல்படியிலிருந்து பார்த்தால் முகம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் குழாயடிக்குப் போனார்.

"பாய், ஆட்டக்காரனை எப்பிடிப் பாக்குறது? சொல்லித்தாங்க. நீங்கதான் எனக்கு குரு."

காஜா மைதீன் கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பவுன்ராஜ் உட்கார்ந்து பார்த்தார். கோல்போஸ்டின் வலை தெரிந்தது. கோல்கீப்பரின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் புழுதி.

"பாய், இங்கருந்து ஒண்ணும் தெரியலையே."

"ஆமாண்ணே. தெரியாது."

"பெறகு எதுக்கு இங்கன உக்காந்திருக்கீங்க?"

"பசங்க தண்ணி குடிக்க இங்கிட்டுத்தான வருவானுக."

தண்ணீர் குடிக்கிற விதம்தான் ரகசியம் என்று பவுன்ராஜுக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் குடித்த அத்தனை பேரையும் உற்றுப் பார்த்தார். எல்லோரும் வாயால்தான் குடித்தார்கள்.

புதன்கிழமை மறுபடியும் வந்தார்.

"காலைப் பாக்கணுமா பாய்? மறைக்காமச் சொல்லுங்க."

"நீங்க டயரைத் தட்டிப் பாத்தே எம்புட்டுத் தூரம் ஓடியிருக்குன்னு சொல்லிருவீங்களாமே?"

பவுன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுவேன். ஊரே சொல்லும்."

"இனிமே எம்புட்டுத் தூரம் ஓடும்னு?"

"அதெப்பிடிச் சொல்ல முடியும்? அது ஓட்டுறவனைப் பொறுத்தது. நான் என்னத்தக் கேட்டா நீங்க என்னத்தக் கேக்குறீங்க?"

காஜா மைதீன் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். குரு பேச்சை மாற்றிவிட்டாரே என்று சீடனுக்கு வருத்தம்.

வருத்தத்தோடு படிக்கட்டுக்குத் திரும்பியவர் தன் கண்ணையே நம்புவது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை பதினாலு ஆமை மாதிரி ஊர்ந்தான். செவ்வாய்க்கிழமை அவனே சிட்டாகப் பறந்தான். இன்றைக்கு மறுபடியும் ஊர்கிறான். ஒன்பது அப்படியில்லை. மூன்று நாளும் ஒரே சீராக, அழகாக ஆடுகிறான்.

"பதினாலு ஒரு நாள் குதிரை, ஒரு நாள் கழுதை" என்று அறிவித்தார். "காலு இருக்கு, மனசு இல்ல. இந்த மாதிரி ஆளை நம்பி எறங்கவே கூடாது. ஒம்பதுதான் நம்ம பிள்ளை."

படிக்கட்டுக்கு அது போதுமே. பதினாலு பந்தைத் தவறவிட்டபோதெல்லாம், "ஏ கழுதை!" என்று கத்தத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் கழுதை மாதிரியே கத்திக் காட்டினார். பவுன்ராஜும் சிரித்தார். தம் வார்த்தை அப்படிப் பரவியதில் அவருக்குச் சந்தோஷம்தான். வியாழக்கிழமையும் அதே கூத்து. அன்றைக்குப் பதினாலு சுமாராக ஓடத்தான் செய்தான். ஆனால் கத்த ஆரம்பித்தவர்களுக்கு ஆட்டம் எதற்கு?

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் சீடன் குருவிடம் போய்ச் சொன்னார்.

"முடிவு பண்ணிட்டேன் பாய். ஒம்பது."

"சரிண்ணே. அந்தப் பதினாலைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்களேன். ஊருக்குப் போறவன், ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

பவுன்ராஜ் ஷெட்டுக்குப் போனார். உள்ளே இரண்டு பையன்கள். ஒருவன் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் பதினாலு போட்ட பனியனைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீதான பதினாலு?"

பனியனைக் கழற்றியவன் அவரைப் பார்த்தான். "எந்த நாள் பதினாலு சார்?"

"என்னப்பா கேக்குற?"

"திங்கக்கிழமையும் புதன்கிழமையும்னா அது தவசீலன். இந்தா, இவன். செவ்வாக்கிழமை நான். தினம் துவைச்சு சாக்குல கொட்டி வைப்பாங்க சார். கைக்கு வந்ததை மாட்டிட்டு ஓடவேண்டியதுதான்."

"நேத்தும் இன்னிக்கும்?"

"நான்தான். புதன்கிழமைக்குப் பெறகு அதை யாரும் தொட மாட்டேன்னுட்டானுக. கழுதைன்னு கத்துறாங்கள்ல. ஒரு ஆளாவது போட்டாத்தான சார் பதினோரு பேரு சேரும்?"

"ஒம்பது?"

"திங்கக்கிழமை நான். அப்புறம் அசாரு. உள்ளூர்ப் பையன். செருப்புக்கடை பாய் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் சார் அவன் வீடு."

பையைக் கட்டிக்கொண்டிருந்த தவசீலன் நிமிரவில்லை. பவுன்ராஜ் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ எங்கப்பா கெளம்பிட்ட? இன்னும் யாரும் முடிவு சொல்லலையே?"

"புதன்கிழமையே சொல்லிட்டீங்களே சார். எனக்கும் காதுல விழுந்துச்சு." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஊர்ல வெறுங்கால்லதான் ஆடுவேன். இந்த இரவல் பூட்ஸு குதிகாலைக் கடிக்குது. ரெண்டு நாள் போனா சரியாயிரும்னு நெனச்சேன்."

பவுன்ராஜுக்கு அவமானமாக இருந்தது. படிக்கட்டில் தாம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது. "டீ குடிக்க வாங்கப்பா, ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார்.

குழாயடியில் டீயும் பன்னும் தயாராக இருந்தன. காஜா மைதீன் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினாலு யாருண்ணே?"

"ரெண்டு பேரும்தான்."

"ஒம்பது?"

"அசாராம். உங்க தெருப் பையன்."

காஜா மைதீன் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா ஆடுவான். அவங்க அம்மாதான் விடமாட்டாங்க, நம்ம எடுத்துக்கிட்டா."

பவுன்ராஜ் சிரிக்கவில்லை. பையன்கள் குழாய்ப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பாய், அஞ்சு நாளா நான் பனியனைத்தான் பாத்திருக்கேன். எனக்கு இதுல ஒண்ணும் தெரியலை. இனிமே மறைக்காதீங்க. சகாயத்தை எப்பிடிப் பாத்து எடுத்தீங்க?"

"அன்னிக்கு மஃரிப் பாங்கு சொல்லிட்டாங்கண்ணே. தொழுகைக்கு ஓடணும். குழாய்ல கை கழுவிட்டு ஒருத்தன் நின்னான். கையைப் புடிச்சு, வாடான்னேன்."

"அவன் கீப்பருன்னு தெரியுமா?"

"அப்ப அவன் கீப்பரே இல்ல. பந்து வந்தா குனிஞ்சுக்குவான்."

"அந்த ரயில்வேக்குப் போனவன்?"

"அன்னிக்கு நல்ல மழை. அவன் ஒருத்தன்தான் வந்திருந்தான்."

தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. காஜா மைதீன் எழுந்து பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நேரமாச்சுண்ணே. சொல்லுங்க, யாரு?"

பவுன்ராஜ் திரும்பிப் பார்த்தார். பனியனைக் கழற்றியவன் குழாயில் தலையை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தவசீலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நேரத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பவுன்ராஜ் நடந்துபோய் அவன் தோளிலிருந்து பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். பையன் திடுக்கிட்டுக் குருவைப் பார்த்தான்.

தண்ணீர் குடித்தவன் நிமிர்ந்தான். நடந்தது அவனுக்குப் புரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"உன் பேரு என்னப்பா?" என்றார் காஜா மைதீன்.

"இன்பராஜ்."

"நீ என்கூட வா."

பவுன்ராஜுக்குச் சந்தோஷமும் சந்தேகமும் ஒரேசமயத்தில் வந்தன. "பாய், வழக்கம் ஒரு பிள்ளைதான?"

"இதுவரைக்கும் தினம் வர்ற ஆளு நான் ஒருத்தன்தான இருந்தேன். இப்ப ரெண்டு பேராச்சு."

சொல்லிவிட்டு அவர் இன்பராஜின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பவுன்ராஜ் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தார். முதன்முறையாக அவன் முகத்தை அருகில் பார்த்தார். இடது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அவன் ஆமை மாதிரி ஊர்ந்த திங்கட்கிழமையும் நினைவுக்கு வந்தது. பழைய பயம் திரும்பவும் தொற்றிக்கொண்டது.

"பாய்!" என்று கூப்பிட்டார்.

குரு திரும்பினார்.

"எல்லாம் சரி. இவன் ஆட்டம் தேறலைன்னா?"

"நாளைக்கு நீங்க வருவீங்கல்லண்ணே?"