மூடப்போகிற மரக்கலம்

குருவுக்கு இருபத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் அறை. அதில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

குருவின் பெயர் ஜெபக்கனி. பி.எட். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்தவள். சீடர் தெய்வநாயகம், பாத்திரக்கடை அண்ணாச்சி. ஊசி ஏறிவிட்டால் நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவர் முனகியபோது, அவள் தன் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். அன்றிலிருந்து அவளை அவர் குருவே என்றுதான் கூப்பிடுகிறார். கேலியாக ஆரம்பித்தது, பழகிவிட்டது.

விளையாட்டின் பெயர் மரக்கலம். ஒரு கப்பல், அதற்கு ஒரு நீளமான கதை. கப்பலுக்கு வேண்டிய ஆட்களைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். குலுக்கக் கல் வேண்டும். கையில் பசையுள்ளவர்கள் கல்லை வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் கதையை நகர்த்தி நகர்த்திச் சேர்ப்பார்கள். தினமும் ஒரு குலுக்கல் இனாம். இனாம் குலுக்கலில் பெரும்பாலும் உப்பிலி என்ற சமையல்காரன்தான் வருவான். வேண்டாத ஆளையும் இரண்டாவது தடவை வந்த ஆளையும் கரைத்துக் கப்பல் தலைவனுக்குப் பலம் ஏற்றலாம். அண்ணாச்சி இருந்த உப்பிலியையும் வந்த உப்பிலியையும் சேர்த்தே கரைத்துவிடுவார்.

குரு சொன்ன பாடம் ஒன்றுதான்.

“காசு போடாதீங்க அண்ணாச்சி. மனசுக்குப் பிடிச்ச ஆள் குலுக்கலுக்கு வந்தா மட்டும் குலுக்குங்க. அதுவரைக்கும் கல்லைச் சேருங்க.”

அண்ணாச்சி சேர்த்தார். சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தார்.

ஒரு புதன்கிழமை விளையாடுகிற எல்லோருடைய போனிலும் ஒரு அறிவிப்பு வந்தது. மாதக் கடைசியோடு மரக்கலம் மூடப்படுகிறது. கதை முடியவில்லை, இனி முடியவும் முடியாது.

ஜெபக்கனி அதை வாசித்துக் காட்டினாள். அண்ணாச்சி சிரித்தார்.

“நல்லதாப் போச்சு. நானும் வெள்ளிக்கிழமையிலேர்ந்து வரல.”

“எங்க மாத்துதீங்க?”

“எங்கயும் இல்ல. போதும்னு நிறுத்தப்போறேன். இந்தக் கையைப் பாரு, முருங்கைக்காய் மாதிரி முண்டும் முடிச்சுமா. குத்திக் குத்தி நாள் ஓடுது, வேற என்ன நடக்கு? உன்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்.”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கும் தெம்பில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவள் அவள். அந்தக் குலுக்கலில் யார் பெயர் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“மலை மாதிரி கல்லு வச்சிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா குலுக்கல?”

“பிடிச்ச ஆளுக்குத்தானே குலுக்கச் சொன்ன? ஒருத்தரையும் பிடிக்கல.”

“கதையைப் படிச்சீங்களா?”

“அதுக்கெல்லாம் ஏது நேரம்? தாண்டுன்னு ஒரு பட்டன் இருக்குல்லா. அமுக்கி அமுக்கிக் கல்லை எடுத்துக்கிட்டேன்.”

ஜெபக்கனி முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். அவருக்குக் கேட்கிற அளவில் வாசிக்கத் தொடங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்கக்கூடாது என்றுதான் மூடினார்.

காற்று நின்று கப்பல் நடுக்கடலில் கிடக்கிறது. குடிநீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் என்று உப்பிலிதான் அளந்து ஊற்றுகிறான். தலைவனின் மகளுக்குக் காய்ச்சல். அவளுக்கு மட்டும் இரண்டு சிரட்டை. உனக்கு எங்கேடா என்று கேட்டால், சமைக்கும்போதே குடித்துவிட்டேன் என்கிறான். அடுப்பு மூட்டியே பல நாள் ஆகிறது. அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சிக்கு நாக்கு வறண்டது. தண்ணீரை அளந்து குடிக்கிற கொடுமை, டயாலிசிஸுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். உப்பிலியின் பொய்யும் அவருக்குப் புதிதில்லை. வடிவு தினமும் சொல்வதுதான். நான் அப்பவே சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க.

வடிவு அவர் மனைவி. அவர் ஊசியோடு படுத்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே வந்து என்ன செய்யப்போற என்று முதல் நாளே அவர் அதட்டியதிலிருந்து அவள் உள்ளே வந்ததில்லை.

“அப்புறம்?” என்றார் அண்ணாச்சி.

“காத்து அடிக்குது. கப்பல் கிளம்புது. உப்பிலி எந்திரிக்கல.”

அண்ணாச்சி போனை வாங்கி ஆட்களின் வரிசையைத் தேடினார். உப்பிலி இல்லை. கரைத்தது அவர் கைதான். ஒரு உப்பிலியையாவது விட்டு வைத்திருக்கலாம் என்று நினைத்தார்.

அன்றைய இனாம் குலுக்கல் பாக்கி இருந்தது. அமுக்கினார். தோளில் அழுக்குத் துண்டும் கையில் கரண்டியுமாக உப்பிலி வந்து நின்றான். கரைக்கவா என்று விளையாட்டு கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினார்.

வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசக் கடைசியில இவனும் போயிருவான், இல்லையா?”

“ஆமா.”

“இவனுக்குப் பிறகு அந்தக் கப்பலுக்குக் கடைசியில என்னாச்சுன்னும் தெரியாது.”

“தெரியாது.”

“பேசாம இருந்தவனுக்கு இதை எதுக்கு வாசிச்சுக் காட்டின? காலை வரைக்கும் என்கிட்டயிருந்து போறதுக்கு ஒண்ணுமில்ல. இப்பப் பாரு, ஒரு சமையக்காரனுக்காக வயிறு எரியுது.”

சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் கூடியது.

“நானும் கடை நடத்தினவன்தான். மூடும்போது அத்தனை வாடிக்கைக்காரங்களையும் நேர்ல பார்த்துச் சொல்லிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். இந்த விளையாட்டுக் கம்பெனிக்காரனுவ அவனுவளாவே முடிவு பண்ணுதானுவ. நம்பி உக்காந்திருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? இது என்ன நியாயம்?”

ஜெபக்கனி கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே வடிவு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் தலை சாய்த்திருந்தாள்.

“மதினிகிட்ட நீங்க கேட்டீங்களா, அண்ணாச்சி?”